நாலாவது ஹோலின் குறுக்கே போகும் பாதை

கிளப்பின் மைதானப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் முதல் நாளே ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்திருப்பார்கள். கெட்டி அட்டை, வழவழத் தாள், கிளப்பின் நூறாண்டு வரலாறு. எனக்கும் ஒன்று தபாலில் வந்தது. ஒரே மூச்சில் படித்தேன். முடித்ததும் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று வந்தது. புத்தகம் கனம், சுவர் என்னுடையது. அதனால் விட்டுவிட்டேன்.

கொல்லிமலையின் மேல், மனிதர் புழங்காத வனத்தை வெட்டித் திருத்தி, ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரை இந்த ஒன்பது ஹோல் கோல்ஃப் மைதானத்தை உருவாக்கினாராம். முதல் அத்தியாயம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று? அது வனமே இல்லை. ஆலத்தூர் நாட்டைச் சேர்ந்த ஓடைவளவு என்ற ஊர்க்காரர்கள் சாமை விதைத்த நிலம், அவர்கள் மாடு மேய்ந்த புல்வெளி. மண்வெட்டியும் கூடையுமாக மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி நிரவியவர்களும் அவர்களே. அந்தக் காலத்தில் கொடி நட்ட குழியைச் சுற்றி இப்போதுபோலப் புல் கிடையாது. எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி வைத்திருப்பார்கள். பிரவுன் என்று பெயர். ஒவ்வொரு கூட்டம் ஆடி முடித்ததும் ஈரச் சாக்கை இழுத்து அந்த மணலைச் சமன் செய்வது ஓடைவளவுப் பெண்களின் வேலை. நான் சேர்ந்தபோதும் இரண்டு பிரவுன் மிச்சம் இருந்தன. புத்தகத்தில் துரையின் வேட்டை நாய்க்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், படத்தோடு. அந்தப் பெண்களுக்கு ஒரு வரி இல்லை.

ஆனால் புத்தகத்தைத் திட்டுவதற்காக மட்டும் இதை எழுத உட்காரவில்லை. நடுவில் இரண்டு பக்கத்தை அடைத்துக்கொண்டு நாலாவது ஹோலின் படம் இருக்கிறது, பாருங்கள். வானத்திலிருந்து எடுத்தது. ஆட்டம் தொடங்கும் மேட்டிலிருந்து கொடி வரைக்கும் ஒரு கீறல் இல்லாத பச்சை. அந்தப் பச்சை பொய். அந்தப் பொய்யைச் செய்தவன் நான். அந்தப் படத்தைக் காட்டித்தான் ஓடைவளவின் முப்பது சொச்சம் வீட்டுக்காரர்களுடைய வழியைப் பிடுங்கப் பார்த்தார்கள். என் கோபத்தில் பாதி கிளப்பின் மேல், மீதி என் மேல். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மலைக்காரன் இல்லை. அடிவாரத்தில், பேளுக்குறிச்சிப் பக்கம், சொந்த நிலத்தில் வெள்ளாமை செய்யும் குடும்பம். பயிர் தெரியும், பசும்புல் தெரியாது. மாட்டுக்குப் போடுவதைத் தவிர புல்லுக்கு வேறு உபயோகம் உண்டு என்பதே இருபத்திரண்டு வயதில் இந்த மைதானத்துக்குத் தினக்கூலியாக வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு சின்னப் பந்தைத் துரத்த இத்தனை பெரிய மலைச்சரிவா என்று முதல் மாதம் முழுக்கச் சிரித்தேன். பிறகு அந்தப் புல்லே என் பிழைப்பானது. மைதான சூப்பர்வைசராக ஓய்வு பெற்றேன்.

நாலாவது ஹோலின் குறுக்கே, ஏறக்குறைய நடுவில், இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடக்கும் அகலத்தில் ஒரு செம்மண் பாதை போகும். கீழ்ப்பக்கம் ஓடைவளவு, மேல்பக்கம் பஸ் வரும் ரோடு. மரவள்ளியும் மிளகும் அதன் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போய், மலை ரோட்டின் எழுபது வளைவும் இறங்கி, பேளுக்குறிச்சிச் சந்தைக்குச் சேரும். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுவே வழி. அதை விட்டால் ஓடையோரமாகப் பாறையில் ஏறி இறங்கி ஒரு மணி நேரம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். மழை பிடித்தால் அந்த வழியும் கிடையாது.

இந்தப் பாதைக்கென்று கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. தலைச்சுமைக்கு முதல் வழி. தலையில் பாரத்தோடு யாராவது பாதையில் கால் வைத்துவிட்டால், அடிக்க ஓங்கிய மட்டையையும் ஆட்டக்காரர் இறக்கிவிட வேண்டும். அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி. பந்து பாதையில் விழுந்தால் அபராதம் இல்லாமல் எடுத்து ஓரமாகப் போட்டு ஆடலாம். விளையாட்டின் சட்டப் புத்தகத்தில் இதைத் தேடாதீர்கள், கிடைக்காது. நம் மைதானத்துக்கு மட்டும் உள்ளது. துரைக்கு நிலத்தை விட்டபோதே, வழி எங்களுடையது என்று ஊர்க்காரர்கள் வாய்வார்த்தையாகப் பேசி வாங்கிக்கொண்டது. நிலத்துக்குத் துரையிடம் பத்திரம் இருந்தது. வழிக்கு இவர்களிடம் அந்த வாய்வார்த்தைதான்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் ஓடைவளவிலிருந்து வேலைக்கு வந்த ஓர் அக்கா. பிரவுனுக்குச் சாக்கு இழுத்தவர்களில் கடைசி ஆள். முப்பது வருஷம் உழைத்தும் நிரந்தரப் பதிவேட்டில் ஏறாதவர். அவர் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். “என் பேரு எதுக்குங்க, ஊரு பேரைப் போடுங்க” என்றார். போட்டிருக்கிறேன்.

சேர்ந்த புதிதில் அந்தப் பாதையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வெறும் மண் கிடந்தால் குடியானவன் கைக்கு அரிப்பு எடுக்கும். யாரும் சொல்லாமலே ஒரு நாள் மிச்சமிருந்த புல் கரணைகளைக் கொண்டுபோய்ப் பாதையின் ஓரத்தில் ஊன்றிவிட்டேன். அக்கா வந்தார். குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி என் கூடையிலேயே போட்டார். “புல்லு நம்ம வேலைங்க தம்பி. இது நம்ம வேலை இல்லீங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. தினக்கூலிப் பெண் எனக்குப் பாடம் எடுப்பதா என்றுகூடத் தோன்றியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நம் தொழிலில் எதை வளர்ப்பது என்று சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு. எதைத் தொடக்கூடாது என்று எனக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

பிறகு சில வருஷம் கழித்து நடந்தது, நான் ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லித் திரிந்த கதை. ஏதோ ஒரு கோப்பையின் இறுதி ஆட்டம். மதியத்திலேயே பனிமூட்டம் இறங்கி, பாதை இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. கீழேயிருந்து வந்திருந்த பெரிய விருந்தாளி ஒருவர் நாலாவது ஹோலில் அடிக்கத் தயாராக நிற்கிறார். அப்போது பனிக்குள்ளிருந்து ஆட்களின் குரல் கேட்டது. பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணைப் போர்வையில் தூளி கட்டி, கம்பில் கோத்து நாலு பேர் தூக்கி வருகிறார்கள் என்று குரலிலேயே தெரிந்துவிட்டது. கல் மாதிரிப் பந்து அது, தலையில் பட்டால் ஆள் காலி. நிறுத்துங்கள் என்று சொன்னேன். விருந்தாளி, அரை நிமிஷம்தான், அதற்குள் அடித்துவிடுகிறேன் என்றார். தூளியில் இருப்பது தலைச்சுமை இல்லையே என்று கூட வந்தவர் ஒருவர் சட்டம் பேசினார். மேலே கேட்டு வரலாம் என்றால் ஆபீஸ் கால் மைல் தள்ளி இருக்கிறது.

நடந்துபோய்ப் பந்துக்கு முன்னால் நின்றுகொண்டேன். வேறொன்றும் தோன்றவில்லை. அவர் ஓங்கிய மட்டையோடு என்னைப் பார்த்தபடி நின்றார். தூளி கடந்து ரோட்டை அடையும் வரைக்கும் நான் நகரவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எனக்கு ஒரு மெமோவும் ஒரு வாரம் சஸ்பென்ஷனும் கிடைத்தன. விருந்தாளியிடம் கிளப் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கிளப்பிலிருந்து ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே நான் கெட்டேன். பாதைக்குக் காவலன் நான்தான் என்ற நினைப்பு வந்துவிட்டது. ஓடைவளவில் எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரச் சொல்லிக் களியும் மிளகு ரசமும் தருவார்கள். நான் சொன்னால் ஊர் கேட்கும். அந்த நல்ல பெயரைத்தான் பின்னால் விற்றேன்.

ஓய்வு பெற மூன்று வருஷம் இருக்கும்போது கிளப்பில் பெரிய போட்டி ஒன்று வந்தது. அப்போதைய மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இவர்தான் இன்றைக்குச் செயலாளராக இருப்பவர். அதிர்ந்து பேசமாட்டார், எல்லாரையும் ஐயா போட்டுப் பேசுவார். ட்ரோன் வைத்துப் படம் எடுக்க ஆள் வருகிறது, நாலாவது ஹோலின் குறுக்கே அந்தச் சிவப்புக் கோடு தழும்பு மாதிரி இருக்கிறது, ஒரு வாரத்துக்குப் புல்லை வைத்து மூட முடியுமா என்றார். மூடலாம், ஆனால் ஊரைக் கேட்க வேண்டும் என்றேன். “கேட்டுட்டாப் போச்சுங்க ஐயா” என்று அவரே ஜீப்பை எடுத்தார்.

இருவரும் ஓடைவளவுக்குப் போனோம். ஊர் கூடியது. ஒரு வாரம் ஓடைப் பக்கம் சுற்றிப் போங்கள், போட்டி முடிந்ததும் புல்லை எடுத்துவிடுவேன் என்று நான் கேட்டேன். மேனேஜரும், ஒரே வாரம்தான், நான் பொறுப்பு என்றார். பெரியவர்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசினார்கள். இதுவரைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, நீ கேட்பதால் விடுகிறோம் என்றார்கள். நான் பூரித்துப் போனேன். அக்கா மட்டும் ஓரமாக உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார்.

மைதானத்தின் ஓரத்திலிருந்து புல்லைப் பாய் பாயாக வெட்டி எடுத்து வந்து பாதையின் மேல் விரித்தோம். இணைப்பு எங்கே என்று நானே தேடினால்தான் தெரியும், அப்படி ஒரு வேலை. என் உத்தியோகத்தில் அவ்வளவு நேர்த்தியாக நான் வேறெதையும் செய்ததில்லை. ஒரு வாரம் ஒன்பது நாளாயிற்று. பிறகு சொன்னபடி எடுத்துவிட்டேன். பாதை பழையபடி சிவப்பாகக் கிடந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். படம் மட்டும் ஆபீஸ் சுவரில் தங்கிவிட்டது. பந்துக்கு முன்னால் போய் நின்றது நயமே இல்லாத முரட்டுக் காரியம், அது சரியாக இருந்தது. இது கலைவேலை, இதுதான் தப்பாகப் போயிற்று. உங்கள் கைவேலையை யாராவது புகழும்போது, அது எதற்காக என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வு பெற்று அடிவாரத்துக்கு வந்த பின் மேலே நடப்பது ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரு சந்தை நாளில் பேளுக்குறிச்சி பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். வலது கையில் மாவுக்கட்டு. என்னக்கா ஆயிற்று என்றேன். ஓடைப் பாறையில் சுமையோடு வழுக்கிவிட்டதாம். ஏன் ஓடைப் பக்கம் போனீர்கள் என்று கேட்டேன். “வழியை அடைச்சுட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா தம்பி?”

எனக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் ஊரே நினைத்திருக்கிறது. கிளப் நாலாவது ஹோலை நீட்டி, அதன் ஓரத்தில் வெளியூர்க்காரர் வந்து தங்கக் காட்டேஜ் கட்டப் போகிறது. பாதையின் இரண்டு முனையிலும் கம்பி வேலி போட்டாயிற்று. மேலே நிரந்தரமாகப் புல் வைத்தாயிற்று. ஊர் தாலுகா ஆபீஸில் புகார் கொடுத்தது. நூறு வருஷ வரலாற்றைப் பாருங்கள், படத்தைப் பாருங்கள், இங்கே எந்தக் காலத்தில் பாதை இருந்தது என்று கிளப் புத்தகத்தை நீட்டியிருக்கிறது. அரசாங்க நில அளவை வரைபடத்தில் பாதை கிடையாது, அதை யாரும் அளந்ததே இல்லை. மீதி இருந்த ஒரே சாட்சி, நான் புல் மூடி எடுக்க வைத்த அந்தப் படம். அது வேலிக்காரன் பக்கம் பேசியது.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பஸ்ஸு வந்துருச்சு, வாரேனுங்க” என்று இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் செயலாளர் என் வீட்டுக்கே வந்தார், கையில் பழக்கூடையோடு. விசாரணைக்கு அதிகாரி இடத்தைப் பார்க்க வருகிறார், நாற்பது வருஷம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர் என்ற முறையில் நீங்கள் வந்து ரெண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். என்ன வார்த்தை என்றேன். பாதை என்று ஒன்று இருந்ததில்லை, சமீபத்தில்தான் குறுக்கே நடக்க ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான் என்றார். கூடவே ஒரு செய்தி. என்னை கிளப்பின் கௌரவ உறுப்பினராக்கக் கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம். மைதான ஊழியர் ஒருவருக்கு அது கிடைப்பது இதுவே முதல் தடவையாம்.

உங்களுக்கு இது ஒரு விஷயமாகத் தோன்றாமல் இருக்கலாம். அந்தக் கட்டடத்துக்குள் நான் நாற்பது வருஷமும் சமையல்கட்டு வழியாகப் போய் வந்தவன். முன்வாசல் வராந்தாவில் போட்டிருக்கும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அந்த ஆசையை எப்படியோ மோப்பம் பிடித்து வந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது.

நீங்கள்தானே ஜீப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓடைவளவுக்கு வந்தீர்கள், ஒரே வாரம், நான் பொறுப்பு என்று சொன்னீர்களே என்று கேட்டேன். அவர் முகம் மாறவே இல்லை. “அதெல்லாம் பழைய கதைங்க ஐயா. யார் ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க? படத்துல இருக்கறதுதான் இனி வரலாறு” என்றார். பழக்கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். விசாரணைக்கு வருவேன், என்ன சொல்வேன் என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, பயமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் படம் பொய் என்று ஆகும், பொய்யைச் செய்தவன் நான் என்று ஆகும். நாற்பது வருஷ நல்ல பெயரை நானே எல்லார் முன்னாலும் போட்டு உடைக்க வேண்டும்.

விசாரணை கோடை உச்சத்தில் நடந்தது. அதிகாரி, அளவுக்காரர், கிளப்பின் வக்கீல், செயலாளர் எல்லாரும் நாலாவது ஹோலில் நின்றோம். ஓடைவளவுக்காரர்கள் ஒருபுறம் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெயிலில் சுற்றிலும் புல் வெளுத்துக் கிடக்க, குறுக்கே ஒரு கோடு மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பினவள் மாதிரி பச்சைப் பசேலென்று நின்றது. பாதை தெரிந்துவிடக்கூடாதே என்று அந்தக் கோட்டுக்கு மட்டும் வேளா வேளைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள், சோற்றுக்கும் சாயம் பூசிவிட்டார்கள்.

நான் கொண்டுபோயிருந்த கூர்மையான இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தேன். மண்ணின் இறுக்கம் பார்க்க நாம் குத்துவோமே, அதே கம்பி. கோட்டுக்கு இந்தப் பக்கம் குத்தினேன், ஒரு முழம் இறங்கியது. அந்தப் பக்கம் குத்தினேன், அதுவும் இறங்கியது. கோட்டின் மேல் குத்தினேன். நாலு விரல்கட்டை இறங்கி ணங்கென்று நின்றுவிட்டது. வேலி முதல் வேலி வரைக்கும் குத்திக்கொண்டே போனேன், எல்லா இடத்திலும் அதே கதை. தலைமுறை தலைமுறையாக மிதித்து இறுகிய மண்ணுங்க ஐயா, மேலே புல் வைத்தாலும் வேர் இறங்காது, அதனால்தான் இத்தனை தண்ணீர் கேட்கிறது என்றேன்.

அடியில் பாறை இருக்கலாம் என்றார் வக்கீல். பாறை இரண்டு ஆள் அகலத்துக்குக் கயிறு பிடித்த மாதிரி ரோடு வரைக்கும் ஓடுமா என்று கேட்டேன். அதிகாரி புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினார். அப்படியானால் இது எப்படி வந்தது என்றார்.

“அந்தப் புல்லை வெச்சது நாந்தானுங்க. ஒன்பது நாளைக்கு வெச்சேன். படம் எடுக்க வெச்சேன்.”

சொல்லிவிட்டேன். வக்கீல் விடவில்லை. அன்றைக்கு ஒருவர் சொன்னதற்காகப் பாதையை மறைத்தேன் என்பவர் இன்றைக்கு இன்னொருவர் சொன்னதற்காகப் பாதையைக் காட்டுகிறார், இந்த மனிதர் வார்த்தையை எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்வி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அக்கா எழுந்து வந்தார். கட்டுப் பிரித்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை. அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

“ஏனுங்க சாமி, இவரு பொய்யோ நெசமோ எனக்குத் தெரியாதுங்க. ஆனா அன்னைக்கு எங்க ஊருக்கு வந்தாரு. இதா நிக்கறாரே, இவருந்தான் கூட வந்தாரு. ஒரு வாரத்துக்கு வழியை உடுங்கன்னு ரெண்டு பேரும் கேட்டாங்க. ஊரு கூடி உட்டோம். வழி எங்களுது இல்லைன்னா எங்ககிட்ட எதுக்குங்க வந்து கேக்கணும்?”

அதிகாரி செயலாளரைப் பார்த்து, நீங்கள் போனீர்களா என்று கேட்டார். செயலாளர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். போனதாகத்தான் ஞாபகம் என்று செயலாளர் கடைசியில் முனகினார். அதிகாரி அதை எழுதி, படித்துக் காட்டி, அவரிடம் கையெழுத்து வாங்கினார். இரண்டு முனையிலும் வேலியை அன்றைக்கே பிரிக்கச் சொன்னார். பிறகு முறைப்படி உத்தரவும் வந்தது, வழி ஊருக்குரியது என்று.

கௌரவ உறுப்பினர் விஷயத்தை அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. புத்தகம் அப்படியேதான் இருக்கிறது, உங்கள் கைக்கும் அதுவே வந்திருக்கிறது. ஓடைவளவில் இப்போதும் உட்காரச் சொல்கிறார்கள். பழையபடி இல்லை. நான் ஒன்று கேட்டால் யோசித்துச் சொல்கிறோம் என்கிறார்கள். சரிதான், நான் சம்பாதித்தது.

போன வாரம் மேலே வந்திருந்தேன். வேலி இல்லை, ஆனால் பாதையின் மேல் வைத்த புல் அப்படியே இருக்கிறது. சாயங்காலம் உங்களில் ஒருவர் அந்தக் கோட்டுக்கு மட்டும் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தீர்கள். பின்னாலேயே ஓடைவளவுப் பெண்கள் நாலைந்து பேர், சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு, வழுக்கும் புல்லில் கால்விரலை ஊன்றி ஊன்றி நடந்து வந்தார்கள். ஏன் தம்பி இன்னும் தண்ணீர் விடுகிறீர்கள் என்று கேட்டேன். “மேல சொன்னாங்க சார்” என்றீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு ஹோஸைப் பிடுங்கி எறிந்திருப்பேன். செய்யாததற்குக் காரணம், அந்த ஒன்பது நாளும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டதும் அதே வார்த்தைதான்.

வேலியைப் பிரிக்கத்தான் உத்தரவு வந்தது. புல்லை எடுக்கச் சொல்லி உங்களுக்கு யாரும் உத்தரவு போடமாட்டார்கள். எடுக்க வேண்டாம். தண்ணீரை நிறுத்துங்கள் போதும், இந்தக் கோடையிலேயே அது காய்ந்து மண் தெரிந்துவிடும். யார் நிறுத்தச் சொன்னது என்று செயலாளர் கேட்பார். என் பெயரைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். நானேதான் நிறுத்தினேன் என்று சொல்லுங்கள். அன்றைக்கு அவர் ஜீப்பை எடுத்தபோது, மூட மாட்டேன் என்று நானும் அப்படி என் வாயால் சொல்லத் தவறினேன்.